பதினேழாவது லாக்

லம்மின்கோஸ்கி
3 மே 1993, திங்கள்

பெத்ரி,

மூன்றாவது சிலிண்டரின் வால்வை வளைத்துவிட்டு, விடுப்பு முடிந்தது என்று ராணுவ முகாமுக்கு ஓடிப்போனவன் நீ.

உள்ளே நாடா இருக்கும்போதே ஸ்டார்ட்டரைத் தட்டினாய். நான் பார்க்கவில்லை, உனக்குத்தான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டாள். "என்னடி சத்தம் அது, ஷெட்டுக்குள்ள மாடு முட்டுற மாதிரி?" என்றாள். நாம் மாட்டை விற்று ஏழு வருஷமாகிறது.

வேலையைத் தொடங்கும்போது என்ன சொன்னாய்? "எஞ்சின் தலையைக் கழட்டவே வேணாம்க்கா. பிளக்கை எடுத்துட்டு அந்த ஓட்டை வழியா நாடாவைத் திணிப்போம். பிஸ்டனைக் கையால மெதுவா மேல ஏத்துனா நாடா மெத்தை மாதிரி வால்வை அடியிலேர்ந்து தாங்கும். அப்புறம் பழைய ஸ்பிரிங்கை எடுத்துட்டுப் புதுசைப் போடலாம், வால்வு உள்ள விழாது." கையால என்றாய். மெதுவா என்றாய். கடைசியாக மிச்சமிருந்த மூன்றாவது சிலிண்டருக்கு வரும்போது உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, முந்தின நாள் மே தின வப்புக் கொண்டாட்டத்தில் குடித்ததும் முழுசாக இறங்கவில்லை. அதனால் கைக்குப் பதில் ஸ்டார்ட்டர். மெத்தைக்குப் பதில் இடி.

இன்னொரு விஷயம். இன்று என்னோடு தையல் ஆலையில் வேலை பார்த்த இர்மெலி வந்தாள், அங்கே தரையில் விழுந்த ஊசிகளைப் பொறுக்குகிற காந்தத்தோடு. வேலை போன அன்று அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். முதலாளி ரின்தலா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஷெட்டின் தரையில் அதை ஒரு சுற்று இழுத்தாள். மூன்று திருகாணி, ஒரு மீன் தூண்டில், அப்புறம் ஒரு வால்வு லாக். வால்வின் கழுத்தைக் கவ்விக்கொண்டு ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்துகிற அந்த நகத்தளவுப் பிறைத் துண்டேதான். எட்டு வால்வுக்கு, வால்வுக்கு இரண்டாகப் பதினாறு லாக். பதினாறும் உள்ளே இருந்தால் என் கையில் இருக்கிற இந்தப் பதினேழாவது எங்கிருந்து வந்தது?

எனக்கு இந்தக் கார் எதற்கு என்று மறந்திருந்தால் சொல்கிறேன். இருபத்துமூன்றாம் தேதி வயலில் பந்தயம். நம் சங்கத்தின் விதிப்படி, ஒரு சுற்றை முழுசாக ஓட்டி முடித்தவர் அன்று ஓடிய எந்தக் காருக்கும் விலைச்சீட்டு எழுதலாம். தகர டப்பாவோ தங்கமோ, எல்லாவற்றுக்கும் ஒரே விலை. விற்க மாட்டேன் என்றால் உரிமம் போய்விடும். ரின்தலாவின் மகன் யார்க்கோ தன் காரில் வைத்திருக்கிற எஞ்சின் ஸ்வீடனிலிருந்து வந்தது. எங்கள் முப்பத்தொரு பேரை வீட்டுக்கு அனுப்பிய அதே வாரம் வந்தது. எங்களுக்கு அன்று கிடைத்த பிரிவுப் பரிசு ஆளுக்கு ஒரு மூட்டை இடுப்பு நாடா, ஒரு டப்பா காற்சட்டைக் கொக்கி, ஒரு கோப்பை காபி. காபி ஆறியிருந்தது.

இந்த நாட்டில் ரின்தலா குடும்பம் என்னிடம் முடியாது என்று சொல்ல முடியாத ஒரே இடம் அந்த வயல்தான். அங்கே நான் ஒரு சுற்று ஓடியாக வேண்டும். எஞ்சினுக்குள் என்ன செய்து வைத்திருக்கிறாய், சொல்.

தூயா


காயானி முகாம்
6 மே, வியாழன்

அன்புள்ள அக்கா,

முதலில் சத்தம். நான் ஸ்டார்ட்டரைத் தட்டவில்லை, தொட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பஸ் நாலு பத்துக்கு. தாமதமாக வந்தவனை இங்கே என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது. கழிப்பறையைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவச் சொல்வார்கள், அதுவும் அவனவன் பிரஷ்ஷால்.

வால்வு வளைந்திருக்காது. நாடா பருத்தி, மிருதுவானது. அதைத் தைத்த உனக்கே தெரியாதா? சந்தேகம் தீராவிட்டால் இப்படிச் செய். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார். பிளக் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிப் புகையை உள்ளே ஊது. வால்வு வளைந்திருந்தால் சரியாக மூடாது, எக்ஸாஸ்ட் குழாயில் புகை வரும். புகைக்கு ஆள் தேட வேண்டியதில்லை, உன்னிடம் இர்மெலி இருக்கிறாள்.

லாக் விஷயம் ஒன்றுமில்லை. பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஸ்பிரிங் ஒன்றில் உபரியாக ஒட்டிக்கொண்டு வந்தது. தூக்கிப் போட்டுவிடு. வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள். எதற்கும் இருக்கட்டும்.

இன்று வியாழக்கிழமை, அதனால் பட்டாணி சூப். சூப் பற்றிப் புகார் இல்லை, காற்சட்டை பற்றித்தான். புதிதாக வந்த உள்காற்சட்டை எதுவும் இடுப்பில் நிற்பதில்லை. ஓடும்போது ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் காற்சட்டை. ஸ்டோர் சார்ஜென்ட்டிடம் போய்ச் சொன்னேன்.

"சார், இடுப்புல நிக்கல சார்."

"அப்ப வயித்தை வளத்துக்கோடா."

"முன்னாடி எங்க அக்கா ஆலையில தச்சது நின்னுது சார்."

"உங்க அக்காகிட்ட சொல்லி உனக்கு ஒரு பெல்ட் தச்சுத் தரச் சொல்லு. அடுத்த ஆள்!"

உங்களை அனுப்பிவிட்டு ரின்தலா இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் வைத்துத் தைக்கிறவர்களுக்குக் கைவேலை தெரியவில்லை போலிருக்கிறது.

ராணுவம் முடிந்து வீட்டுக்கு வர இன்னும் நூற்றுப்பதினெட்டு காலை இருக்கிறது.

பெத்ரி


லம்மின்கோஸ்கி
11 மே, செவ்வாய்

பெத்ரி,

அந்தப் பக்கம் தைக்கிறவளைத் திட்டாதே. எங்களுக்குக் கொடுத்த கூலியில் பாதிகூட அவளுக்குக் கிடைக்காது. நாடாவுக்கும் சேர்த்தா அவள் பொறுப்பு? நாடாவை மிச்சம் பிடித்தவன் இங்கே, நம் ஊரில், ஏரிக்கரையில் புது வீடு கட்டுகிறான். திட்டுவதென்றால் அவனைத் திட்டு.

புகைச் சோதனை செய்தோம். நான் ஸ்பேனரால் எஞ்சினைக் கையால், மெதுவாகச் (இந்த இரண்டு வார்த்தைகளையும் குறித்துக்கொள்) சுற்றி, மூன்றாவது பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தேன். அம்மா பின்னால் எக்ஸாஸ்ட் குழாய்க்கு முன் மண்டி போட்டுக்கொண்டாள். இர்மெலி சிகரெட்டைப் பற்றவைத்து ரப்பர் குழாயை வாயில் வைத்தாள்.

"இருபத்தாறு வருஷமா ஊதறேன். இப்பத்தான் இதால ஒரு பிரயோஜனம்" என்றாள்.

"வருதாம்மா?" என்றேன்.

"ஒண்ணும் வரலடி. இன்னும் கொஞ்சம் பலமா ஊதச் சொல்லு."

இர்மெலி முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போகும்வரை ஊதினாள். எக்ஸாஸ்ட்டில் வரவில்லை. கார்ப்பரேட்டரிலும் வரவில்லை. ஆனால் ஷெட்டுக்குள் புகை மண்டுகிறது. கடைசியில் பார்த்தால் எண்ணெய் ஊற்றுகிற மூடி வழியாக நிதானமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. வால்வு சரி, பிஸ்டன் வளையம்தான் தேய்ந்திருக்கிறது.

"இது எனக்கு இருக்கிற வியாதிதான். மேல எல்லாம் கெட்டியா இருக்கு, கீழதான் தாங்கல" என்றாள் இர்மெலி. அம்மா சிரித்த சிரிப்பில் எக்ஸாஸ்ட் குழாயில் தலையை இடித்துக்கொண்டாள்.

ஆகவே வால்வை வளைத்ததாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பாதி மட்டும். ஏனென்றால் எஞ்சினை ஓடவிட்டபோது மேலே எங்கோ ஒரு டிக் டிக் கேட்கிறது. வேகத்தைக் கூட்டினால் மறைந்துவிடுகிறது. மறைகிற சத்தத்தை நான் நம்புவதில்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டும் ஒரே மாதிரி எண்ணெயில் மினுங்குகின்றன.

பழைய இரும்புக் கடைக்காரரிடமும் விசாரித்தேன். "வெறும் ஸ்பிரிங்தாம்மா குடுத்தேன். ஓசியா ஒரு வாஷர்கூட என் கடையை விட்டு வெளிய போனதில்ல" என்று கோபித்துக்கொண்டார். அவர் சொல்வதையும் நீ சொல்வதையும் எடை போட்டால் எனக்கு உன் பக்கம் லேசாகத் தெரிகிறது.

நேற்று பெட்ரோல் பங்க் காபிக் கடையில் யார்க்கோவைப் பார்த்தேன். கூட்டமாக ஆட்கள் இருந்தார்கள்.

"என்ன தூயா, அந்த டப்பாவை இன்னும் தச்சுக்கிட்டுதான் இருக்கியா?"

"ஆமா. உங்கப்பா குடுத்த நாடாவாலதான்."

எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். அங்கே இருந்த ஆண்கள் ஒன்பது பேரிடமும் பந்தய உரிமம் இருக்கிறது. மூன்று வருஷமாக அவன் காருக்கு ஒருவனும் சீட்டு எழுதியதில்லை. எழுதக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. முதலாளி வீட்டுக் கார் என்று தங்களுக்குத் தாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

லாக் பற்றி உண்மையை எழுது.

தூயா


காயானி
14 மே

அக்கா,

டிக் டிக் என்பது ராக்கர் இடைவெளி. எல்லாப் பழைய எஞ்சினிலும் உண்டு. கவலைப்படாதே.

ஆனால் ஒரு யோசனை. நீ ஜெயிக்க வேண்டியதில்லை, ஒரு சுற்று முடித்தால் போதும். அப்புறம் எதற்கு விரட்ட வேண்டும்? இரண்டாம் கியரிலேயே சுற்றி வா. எல்லோரும் போன பிறகு போ. வேகத்தைக் கூட்டவே கூட்டாதே. பிரேக்கைக்கூட மரியாதையாகப் பிடி. சர்ச்சுக்குப் போகிற மாதிரி ஓட்டு.

இன்னொன்றும் யோசித்துப் பார். நம் கார் நன்றாக ஓடினால் நம் காருக்கும் யாராவது சீட்டு எழுதலாம். அதற்காகத்தான் சொல்கிறேன். வேறு காரணம் இல்லை.

லாக்கைத் தொலைத்துவிடாதே.

பெத்ரி


லம்மின்கோஸ்கி
17 மே

பெத்ரி,

வேறு காரணம் இல்லை என்று நீயாக எழுதினால் வேறு காரணம் இருக்கிறது.

நம் காருக்கு எவன் சீட்டு எழுதுவான்? கதவு திறக்காது, தரையில் ஓட்டை, நிறம் மூன்று. சரி, மெதுவாக ஓட்டுகிறேன். லாக் என் பணப்பையில் இருக்கிறது. பையில் வேறு எதுவும் இல்லாததால் தொலைய வாய்ப்பில்லை.

தூயா


காயானி
19 மே, புதன்

அக்கா,

நாளை ஏசு விண்ணேற்பு விழா விடுமுறை, தபால் கிடையாது. அதனால் இன்றே போடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைத்துவிட வேண்டும். நாளை மறுநாள் எங்களை இரண்டு வாரம் காட்டுக்குள் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே போன் கிடையாது.

நீ கையில் வைத்திருப்பது உபரி லாக் இல்லை. அது பதினாறாவது லாக். பதினேழு என்று எப்போதும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நீ காபி போடப் போன நேரத்தில், இர்மெலி இரவல் தந்த இடுக்கியிலிருந்து அது தெறித்தது. "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். முதலில் எஞ்சினுக்குள் விழுந்துவிட்டதோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். தரையில் தவழ்ந்து தேடினேன். கிடைக்கவில்லை. தலையைக் கழற்றாமலே முடித்துக் காட்டுகிறேன் என்று உன்னிடம் அவ்வளவு பேசியிருந்தேன். நீ காபித் தட்டோடு வந்து கதவில் நிற்கும்போது "தொலைத்துவிட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் மூட்டைக்குப் பக்கத்தில் அந்தக் கொக்கி டப்பா இருந்தது. ஒரு காற்சட்டைக் கொக்கியை எடுத்து நறுக்கினேன். சுத்தியலால் பிறை மாதிரி வளைத்து, உன் நகம் தேய்க்கிற அரத்தால் ராவினேன். (அரம் வீணாகிவிட்டது. அதற்கும் மன்னித்துக்கொள்.) ஒரு பக்கம் நிஜ லாக், மறுபக்கம் கொக்கி. கிரீஸில் புகைக்கரியைக் கலந்து பூசினேன். அக்கா, வேலையைப் பற்றி மட்டும் நீ குறை சொல்ல முடியாது. மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் அடித்துப் பார்த்தாலும் எது லாக், எது கொக்கி என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு கச்சிதம்.

ஆனால் அது காற்சட்டைக் கொக்கி. இடுப்பைப் பிடிக்கச் செய்தது. வேகத்தைக் கூட்டினால் எப்போது வேண்டுமானாலும் நழுவும். நழுவினால் வால்வு உள்ளே விழும், பிஸ்டன் அதை அடித்து நொறுக்கும், எஞ்சின் முடிந்தது.

பந்தயத்துக்கு முன் அந்த ஒரு வால்வை மட்டும் கழற்றி நிஜ லாக்கைப் போட்டுவிடு. நாடா இருக்கிறது, இர்மெலியின் இடுக்கி இருக்கிறது, ஒரு மணி நேர வேலை. அம்மாவிடம் சொல்லாதே.

உன் தம்பி,
பெத்ரி


லம்மின்கோஸ்கி
25 மே, செவ்வாய்

பெத்ரி,

உன் கடிதம் இன்று வந்தது. வெள்ளிக்கிழமை இல்லை, திங்கள்கூட இல்லை. இன்று, பதினொரு மணிக்கு, மின்சாரக் கட்டணச் சீட்டோடு சேர்ந்து.

பந்தயம் முடிந்துவிட்டது.

நான் மெதுவாகத்தான் கிளம்பினேன், சத்தியமாக. முதல் வளைவில் யார்க்கோ பக்கத்தில் வந்து, ஜன்னல் வலை வழியாகப் பார்த்து, ஒரு கையால் தைக்கிற மாதிரி சைகை காட்டினான். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மூன்றாம் கியர் போட்டேன் என்று அம்மா சொல்கிறாள். ஆறு சுற்றும் எஞ்சின் அலறியது, பின்னால் நீலப் புகை, வேலியோரமாக எங்கள் முப்பது பேரும் நின்று கத்துகிறார்கள். இரண்டாவதாக வந்தேன். யார்க்கோவுக்கு அடுத்து, ஒரு கார் நீளம். உன் காற்சட்டைக் கொக்கி ஆறு சுற்றும் பிடித்தது. ரின்தலா ஆலையின் சரக்கு மட்டம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் நேராகச் சங்கக் கொட்டகைக்குப் போய்ச் சீட்டு எழுதினேன். ஒன்பது ஆண்களும் நின்று பார்த்தார்கள். ஒருவனும் பேனாவைத் தொடவில்லை. அவன் காருக்கு விழுந்தது ஒரே சீட்டு, என்னுடையது. சங்கச் செயலாளர் அதை மூன்று தடவை வாசித்தார்.

"தூயா, யோசிச்சுத்தான் எழுதினியா?"

"எழுத்து புரியலையா, சார்? பெருசா எழுதித் தரட்டுமா?"

சாவி என் கையில் இருக்கிறது. கார் இப்போது ஆலையின் மூடிய கேட்டுக்கு முன்னால், இயக்குநர் மட்டும் என்று பலகை போட்ட இடத்தில் நிற்கிறது. நேற்று இர்மெலி அதில் உட்கார்ந்து ஒரு பாக்கெட் சிகரெட் முழுவதையும் பிடித்து முடித்தாள். வேலை போன அன்று அழாதவள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உடனே, "புகைடி, கண்ணு எரியுது" என்றாள்.

இது வரைக்கும் நல்ல செய்தி.

நான் கையெழுத்துப் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, யார்க்கோ வந்து நம் டாட்சன் காருக்குச் சீட்டு எழுதினான். வேறு யாரும் எழுதவில்லை, எழுதுவார்களா? "உன் டப்பாவை என் வீட்டு வாசல்ல பூந்தொட்டியா வைக்கிறேன்" என்றான். அப்புறம் குரலை இறக்கி, "அதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாப்பேன். அந்த டப்பா இந்த வேகம் போக நியாயமே இல்ல" என்றான்.

தன் கார் கைவிட்டுப் போன எரிச்சலில் அன்றே இழுத்துப்போக அவனுக்கு மனம் வரவில்லை. டாட்சன் இப்போது சங்கத்தின் கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து எடுத்துப் போகிறான்.

விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கோளாறு இருப்பது தெரிந்தும் மறைத்து விற்றால் அன்றைய விற்பனைகள் செல்லாது. கார்கள் அவரவரிடம் திரும்பும். மறைத்தவருக்கு இரண்டு வருஷம் தடை. நேற்று வரை எனக்கு ஒன்றும் தெரியாது, பெத்ரி. பச்சைக் குழந்தை மாதிரி இருந்தேன். இன்று பதினொரு மணியிலிருந்து தெரியும். என்னைக் குற்றவாளியாக்கியது உன் கொக்கி இல்லை, உன் கடிதம். அவன் பிரித்துப் பார்க்கும்போது உள்ளே என்ன இருக்கும்? அவன் அப்பாவின் ஆலைக் கொக்கி. எங்களுக்கு அதை மூட்டை கட்டிக் கொடுத்ததே அவன்தான். பார்த்த உடனே தெரிந்துகொள்வான். சாவியைத் திருப்பிக் கொடு என்று வந்து நிற்பான். ஒன்பது பேரும் மறுபடி கோப்பைக்குள் பார்ப்பார்கள்.

கொட்டகைச் சாவி இர்மெலியின் புருஷன் தௌனோவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் செயலாளர் சௌனாவில் நீராவிக் குளியலுக்குப் போவார், ஆறு மணிக்குத் திரும்பி வருவார். அந்த ஒரு மணி நேரம் தௌனோ கதவைத் திறந்து வைத்துவிட்டு எதையும் பார்க்காமல் இருப்பார். பார்க்காமல் இருப்பதில் அவருக்கு முப்பது வருஷ அனுபவம் என்கிறாள் இர்மெலி. நாடா தயார், இடுக்கி தயார், நிஜ லாக் என் பணப்பையில் தயார். ஒரு மணி நேரத்தில் ஒரு வால்வைக் கழற்றி மாட்டலாம். எட்டைக் கழற்ற முடியாது.

உன் கடிதத்தை நானும் இர்மெலியும் மாறி மாறி ஏழு தடவை படித்துவிட்டோம். கொக்கியை எப்படி நறுக்கினாய் என்று இருக்கிறது. எப்படி ராவினாய், கிரீஸில் என்ன கலந்தாய், எவ்வளவு கச்சிதம் என்பது வரை இருக்கிறது. எந்த வால்வு என்பது மட்டும் இல்லை. நீ காபி போடப் போன நேரத்தில் என்று எழுதியிருக்கிறாய். அன்று ஐந்து தடவை காபி போட்டேனடா, மடையா. எந்தக் காபி?

முகாமுக்குப் போன் செய்தேன். "காட்டுல இருக்காங்க. சாப்பாட்டு லாரியில தபால் மட்டும் போகும். ஏதாவது சாவா?" என்று கேட்டான் போனை எடுத்தவன். "வால்வு" என்றேன். வைத்துவிட்டான்.

இதனுடன் தபால்தலை ஒட்டி, நம் முகவரி எழுதிய அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். பின்பக்கம் ஒன்றிலிருந்து எட்டு வரை எழுதியிருக்கிறது. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணு. மன்னிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம், காற்சட்டை பற்றி ஒரு வரிகூட வேண்டாம். ஒரு வட்டம் போட்டு, லாரிக்காரனிடம் கொடு. வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்.

எத்தனையாவது வால்வு?

தூயா